கரணையக்கா உடைத்த சுவர்

இரண்டு சூரியன் இருந்து என்ன பிரயோஜனம்? பெரியது மலைக்குப் பின்னால் போய்விட்டால் சின்னது பேருக்குத்தான் காயும். அந்தக் கிரகத்தில் குளிர்காலம் என்பது அதுதான். அது வருவதற்கு முன் தெருவில் எல்லாரும் தேடுகிற ஆள் கரணையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்திருக்கும். கையில் சுவர் பூசும் கரணை, புருவத்தில் சுண்ணாம்பு, வாயில் வசவு.

அவள் வேலை ஓட்டை அடைப்பது. அந்தத் தெருவில் ஒரு வீட்டைக்கூட மனிதர்கள் கட்டவில்லை. குடியேறிகளின் கப்பல் வந்து இறங்கியபோதே வீடுகள் காலியாகக் கிடந்தன. கட்டியவர்கள் யார், ஏன் போனார்கள், ஒரு துப்பும் இல்லை. ஓர் எலும்பு கிடையாது, ஓர் எழுத்து கிடையாது. 'பழைய ஆளுங்க' என்று சொல்லிவிட்டு அவரவர் ஜோலியைப் பார்த்தார்கள். ஒற்றை அறை வீடுகள். சுவரின் அடியில் கையகலத்துக்கு ஓர் ஓட்டை, அதற்கு நேர் எதிரே கல்தரையில் வழவழவென்று ஒரு பள்ளம். பள்ளம் எதற்கென்று ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்; ஜனங்கள் அதில் செருப்பை விட்டார்கள்.

ஓட்டைதான் வினை. குளிர் தொடங்கியதும் அதிலிருந்து பல்லைக் கிட்டவைக்கும் காற்று சீறும். முதல் வருடம் அதில் செத்துப் பிழைத்த குடியேறிகள், சீறிய கொஞ்ச நேரத்திலேயே கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டார்கள். அன்று முதல், குளிருக்கு முன்பே ஓட்டையை அடைத்துவிடுவது வழக்கம். கரணையக்காவின் பாட்டி அடைத்தாள், அம்மா அடைத்தாள், இவளும் அடைத்தாள். "என் பூச்சைத் தாண்டிக் காத்து வந்தா கரணையைத் தூக்கிப் போட்டுடறேன்" என்பாள். வந்ததே இல்லை.

அந்த வருடம் அவள் மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. "சூடு குறையாம பாத்துக்குங்க. இந்தக் குளிரைத் தாண்டிட்டா பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் டாக்டரம்மா. தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

ஊரார் வீட்டையெல்லாம் முடித்துவிட்டு மகள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள் அக்கா. நம்ம வீடுதானே என்கிற மெத்தனம். பெரிய சூரியனோ அந்த முறை முந்திக்கொண்டு மறைந்துவிட்டது. அவள் வாளியோடு ஓடிவந்து பார்த்தால் கலவை கல்லாக உறைந்து கிடக்கிறது. ஓட்டை சீற ஆரம்பித்துவிட்டது. மருமகன் துணியைத் திணித்தான், காற்று துப்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போகலாம் என்றால், வாசலைத் தாண்டினாலே குழந்தை விறைத்துவிடும்.

"ஊருக்கெல்லாம் ஓடி ஓடி அடைச்சே, பெத்த பொண்ணு வீட்டுக்கு வாய்தா போட்டுட்டியேம்மா!" மகள் அழுதாள்.

அக்கா சுவரோரம் போய் முதுகைக் கொடுத்து ஓட்டையை மறைத்து உட்கார்ந்துவிட்டாள். "கட்டினீங்களே, ஒழுங்காக் கட்டினீங்களா?" என்று பழைய ஆட்களைத் திட்டித் தீர்த்தாள். திட்டும் ஓய்ந்தது, முதுகும் மரத்துப்போனது. அசைவதாக இல்லை.

பிறகு முதுகு சுட்டது.

"மாப்பிள்ளே, எனக்கு ஜன்னி கண்டிடுச்சு போல. தொட்டுப் பாருங்க."

"நெத்தி ஐஸா இருக்கு அத்தே."

"முதுகு வேகுதே!"

எழுந்து கையை நீட்டினாள். ஓட்டையிலிருந்து கதகதவென்று காற்று வந்துகொண்டிருந்தது, இஸ்திரி போட்ட துணியை அப்போதே மடியில் வாங்கியதுபோல. தரைக்கு அடியில் எங்கோ சூடு இருக்கிறது. அங்கிருந்து வரும் குழாயில் தேங்கிய குளிர்ந்த காற்று முதலில் வெளியேற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அது சீறும் என்று பயந்தே எல்லாரும் முன்கூட்டி அடைத்துவிட்டார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிலும் கெட்டியாக அடைத்தவள் அவள்தான். அக்கா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் பக்கத்து வீட்டுத் தையல்காரர். "போன வாரம் அடைச்சுட்டு இப்ப உடைக்க வர்றியே, புத்தி கெட்டுப் போச்சா?"

"தலைமுறை தலைமுறையா கெட்டுத்தான் கெடந்துதுண்ணே. நகருங்க."

தன் பூச்சைத் தானே தகர்த்தாள். குளிர்க்காற்று சீறியது. "கொலைகாரி!" என்று தையல்காரர் அலறினார். அவள் சுத்தியலை ஓங்கிக்கொண்டு ஓட்டைக்குக் காவல் நின்றாள். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. வரும்."

வந்தது. தையல்காரர் போர்வையை உதறினார், பிறகு கம்பளிச் சட்டையை. பிறகு அவரும் ஒரு சுத்தியலைத் தேடி எடுத்தார். தெரு முழுக்க டமார் டமார் என்று ஒரே சத்தம். குளிர்காலத்தில் அந்தத் தெரு சன்னலைத் திறந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் பெயரைச் சொல்லிக் கூவினார்கள்.

"உன் பொழைப்பு போச்சே அக்கா!" என்றார் தையல்காரர்.

"போகட்டும்ணே. நல்லாப் போகட்டும்!"

அக்கா மகள் வீட்டுக்குத் திரும்பினாள். குழந்தையை விடாமல் மடியில் வைத்திருந்ததில் மகளுக்குக் கை கடுத்தது. கீழே எங்கே கிடத்துவது? வெப்பம் அதிகம் தங்கும் இடத்தைக் கையால் தடவித் தேடினாள் அக்கா. செருப்புப் பள்ளத்தில் வந்து நின்றது கை. செருப்புகளை வாசலில் வீசினாள், பள்ளத்தைத் துடைத்தாள், துணி விரித்துப் பேத்தியைக் கிடத்தினாள். தலைக்கு ஒரு குழிவு, குதிகாலுக்கு ஒரு குழிவு. அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

பழைய ஆட்களுக்கு எத்தனை கண், எத்தனை கை என்று இன்றைக்கும் தெரியாது. பிள்ளையைக் கிடத்த இடம் பார்த்துத்தான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

"திட்டினதை மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள் அக்கா ஓட்டையைப் பார்த்து.

குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளியது.