அம்மை எடுத்த வாரியல்

செசிலி தகரப் பெட்டியோடு படியிறங்கிய மறு நிமிஷமே அவள் அம்மை குளோரி வாரியலைக் கையில் எடுத்துவிட்டாள். அடுப்படி தொடங்கி வாசல் மணல் வரை பரபரவென்று பெருக்கித் தள்ளினாள். குளச்சல் பக்கத்துக் கடற்கரையில் இதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் ஈரக்குலை நடுங்கும். வெளியூர் போகிறவர் போய்ச் சேரும்வரை அங்கே வீட்டைப் பெருக்கமாட்டார்கள். பிணம் இறங்கிப் போன வீட்டைத்தான் உடனே பெருக்குவார்கள். குளோரிக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும்.

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கட்டுமரக்காரர் மத்தியாஸின் மகள் திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்ததே கரைக்குப் பெரிய அதிசயம். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி வேலையும் காத்திருந்தது. இவளோ வங்காளத்தில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகை கொடுத்துச் சீன, கொரிய இலக்கியம் கற்றுத்தருகிறது என்று பேப்பரில் பார்த்து எழுதிப் போட்டுவிட்டாள். அது 1951.

"கொரியாவுல குண்டு விழுந்து சனம் சாவுது, இவளுக்கு அவனுவ பாட்டு படிக்கணுமாம்! போனா போனதுதான் ஏட்டி. எனக்கு மக இல்லேன்னு வச்சுக்கிடுதேன்" என்றாள் குளோரி. சொன்னதோடு நிற்காமல் பெருக்கியும் காட்டிவிட்டாள்.

தக்கலை பஸ்ஸில் ஏறியது முதல் செசிலிக்கு அந்தச் சகுனம்தான் நினைப்பு. ரயில் பாலத்தில் ஏறினால் இதோ கவிழப்போகிறது என்று நினைத்தாள். வங்காளம் போய்ச் சேர்ந்தபின் காய்ச்சல் வந்தால் இதோ முடிந்தது என்று நினைத்தாள். சீன எழுத்து ஆயிரம் மனப்பாடமாயிற்று. வாரியல் சத்தம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. மாதம் தவறாமல் வீட்டுக்குக் கடிதம் போட்டாள். கோயில் உபதேசியாரைக் கொண்டு அப்பன் எழுதுவித்த பதில்கள் வந்தன. அம்மையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இராது. கேட்கவோ அவளுக்குப் பயம். செத்துப்போன மகளுக்கு என்ன பதில் என்று அம்மை சொன்னதாக வந்துவிட்டால்?

ஆண்டு முடிவில் வாய்மொழித் தேர்வு. தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும், ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். பெருக்கிவிட்ட அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது?

பேராசிரியர், சீன எழுத்தில் இருந்த பழைய கொரியப் பாட்டு ஒன்றை நீட்டினார். கணவன் படகேறிப் போய்விட்டான். பன்னிரண்டு நாளாய் முற்றத்தில் இலை குவிகிறது. மனைவி துடைப்பத்தைத் தொடவில்லை.

"துயரத்தில் வீட்டுவேலையை மறந்துவிட்டாள், அப்படித்தானே?" என்றார்.

உரைநூலிலும் அப்படித்தான் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் தீர்ந்தது. ஆனாலும் செசிலிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இல்லை சார். மறக்கவில்லை, பயப்படுகிறாள். பெருக்கினால் அவன் திரும்பி வரமாட்டான்."

"இது எந்த நூலில் இருக்கிறது?"

"நூலில் இல்லை சார், எங்கள் கரையில் இருக்கிறது. கொரியாவில் உண்டா என்று எனக்குத் தெரியாது" என்றவள், பரீட்சை அறை என்றும் பாராமல் அழுதுவிட்டாள்.

பாவம், அந்த மனிதர் சங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஆதாரம் போதாது என்று எழுதினார். தேறினாள் என்றும் எழுதினார்.

அந்தத் தைரியத்தில் அன்றைக்கே அப்பனுக்குக் கடிதம் எழுதினாள். தேறிய செய்திக்கு ஒரே ஒரு வரி. அம்மை அன்றைக்கு ஏன் பெருக்கினாள் என்று அடுத்த வரியில் கேட்டேவிட்டாள். பதில் வரப் பதினெட்டு நாள் ஆயிற்று. அப்பன் சொல்லச் சொல்ல உபதேசியார் அப்படியே எழுதியிருந்தார்.

"மக்கா, நான் சொன்னேன்னு அம்மைக்கிட்ட சொல்லிராத. அண்ணைக்கு உன் தல மறைஞ்சதும் அவ வெளிய எறங்கினா. பெருக்கித் தள்ளின மண்ணு பூராத்தையும் சுளகுல வாரிக்கிட்டு வந்து வீட்டுக்குள்ளயே கொட்டினா. நீ போய்ச் சேந்த கடுதாசி வாறது வரைக்கும் வாரியல தொடல்ல. சோறு தின்னும்போது எனக்குப் பல்லுல மண்ணு கடிச்சுது."