கம்பம்மெட்டு ஜீப்பில் ஓர் ஓரச் சீட்டு

அரசு ஆஸ்பத்திரி நர்ஸம்மா எங்கள் தெருச் சமுதாயக் கூடத்தில் 'மனநல முகாம்' என்று பேனர் கட்டி, காலை பத்து மணியிலிருந்து காத்திருந்தார். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பிலிருந்து இறங்கிய என்னிடம், "ஏக்கா, ஒருத்தருமே வரல?" என்று கேட்டார். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"பத்து மணிக்கு யாரு வருவாக? பொம்பளைக அம்புட்டுப் பேரும் மலையில காய் எடுத்துக்கிட்டு நிக்கிறோம். அதுலயும் அந்தப் பேனரு! அதுக்குக் கீழ உக்காந்தா பைத்தியம்னு ஊரே பேரு வச்சிரும்."

அவர் முகம் சுளிக்கவில்லை. "அப்ப எங்கன வரட்டும்? நீங்களே சொல்லுங்க."

"ஜீப்புல ஏறுங்க." வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மறுநாள் விடிகாலையில் வந்து நிற்கிறார் மனுஷி!

ஜீப்பில் ஓர் இடம்தான் காலி. அது என் பக்கத்து வீட்டுக்காரியின் ஓரச் சீட்டு. ஒருத்தி வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் அங்கே வேறு ஆளை ஏற்றுவதுதான் வழக்கம். தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவள் நான், பிடிவாதமாக ஏற்றவில்லை. அவளோ மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். சண்டை இல்லை, சாவு இல்லை, காரணம் ஒன்றும் இல்லை. கோடாங்கியிடம் குறி கேட்டாயிற்று, மந்திரித்த கயிறும் கட்டியாயிற்று. "பிள்ளைகள இங்கன வச்சுக்கிட்டு, அவள அவ ஆத்தா வீட்டுல விட்டுருவேன்" என்று புருஷன் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவுகளில் எங்கள் பெண்கள் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். டிரைவர் போடும் பாட்டுச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்காது. நர்ஸம்மா வாரம் ஒரு நாள் கம்பம்மெட்டு வரை எங்களோடு வந்து, பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொடுத்தார். புத்தி சொல்ல வேண்டாம், காது கொடுங்கள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள்.

முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், அவள் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்.

"தோணுது மதினி," என்றாள்.

இருவரும் ஓவென்று அழுதோம். அவளைத் தனியே விடாமல் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். உடனே வந்து டாக்டரிடம் அழைத்துப்போனார். புருஷனையும் உட்கார வைத்து, இது நோய், குணமாகும் என்று டாக்டர் விளக்கினார். பிறகு, வாரம் ஒரு சாயங்காலம் ஜீப் மலை இறங்கும்வரை ஆஸ்பத்திரியில் இருக்கவும் ஒத்துக்கொண்டார். டிரைவர் வண்டியை நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். வெளியே சொல்லாமல் அவதிப்பட்ட இன்னும் சிலரும் கூச்சம் விட்டு இறங்கினார்கள்.

மாத்திரை, பேச்சு, மறுபடியும் பேச்சு. நாங்கள் முறை வைத்து அவள் வீட்டில் போய் உட்கார்ந்தோம். ஒரு நாள், நான் கொண்டுபோன குழம்பில் உப்பே இல்லை என்று என்னைத் திட்டினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு!

அடுத்த சுற்றுக் காய் எடுப்புக்குள் ஒரு விடிகாலை, தலை சீவிப் பூ வைத்து, தூக்குவாளியோடு ஜீப்படியில் வந்து நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஓரத்தில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார்.

"தள்ளி உக்காருங்க சிஸ்டர். அது என் சீட்டு."

குலவை போட்டோம் பாருங்கள், தெருவே எழுந்துவிட்டது! டிரைவர் பதறிப்போய், "என்னத்தா, யாரு வீட்டுல விசேஷம்?" என்றான்.

"நம்ம ஜீப்புலதான்டா. வண்டிய எடு!"