என்ரை யன்னலுக்குக் கீழை ஒரு பாசித் தொட்டி

இண்டைக்குப் பின்னேரம் வேலையாலை வர, சீசாப் பகுதியிலை இருக்கிற எங்கடை கட்டிடத்து முற்றத்திலை கூட்டம். கட்டிட நிர்வாகம் பாக்கிற இத்தாலிக்காரச் சிஞ்ஞோரா ஒரு எஞ்சினியரைக் கூட்டி வந்திருந்தா.

குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணியைச் சுத்தமாக்கி, திரும்பக் கக்கூசுக்குப் பாவிக்கலாமாம். ஒரு கண்ணாடித் தொட்டியிலை பாசியும் பக்டீரியாவும் சேர்த்து வளர்ப்பினமாம். பக்டீரியா அழுக்கைத் தின்னுமாம். அதுக்கு வேண்டிய ஒட்சிசனைப் பாசி குடுக்குமாம்.

நல்லது தான். கோடையிலை தண்ணி வராமல் பட்ட பாடு தெரியும் தானே. ஆனால் தொட்டி வைக்கப்போற இடம் என்ரை படுக்கையறை யன்னலுக்கு நேர கீழை.

"மணக்காதோ?" எண்டு கேட்டன்.

"பாசி உயிரோடை இருந்தால் மணக்காது," எண்டார் எஞ்சினியர்.

"செத்தால்?"

அவர் சிஞ்ஞோராவைப் பார்த்தார்.

"பாசிக்கு வெயில் வேணும். வெயில் விழுறது உங்கடை பக்கம் மட்டும் தான்," எண்டா அவ.

நான் நிமிர்ந்து எதிர்ப்பக்கம் அவவின்ரை பல்கனியைப் பார்த்தன். பின்னேர வெயிலிலை நாலு படுக்கை விரிப்பு காய்ஞ்சுகொண்டிருந்தது.

எஞ்சினியரும் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கிழமை ரெண்டு பக்கத்து வெயிலையும் அளந்துபோட்டுச் சொல்லுறாராம். நான் இன்னும் சம்மதக் கையெழுத்து வைக்கேல்லை.

இப்பிடித் தொட்டி உள்ள இடத்திலை ஆரும் இருக்கிறியளோ? யன்னலைத் திறக்கிறனியளோ எண்டதை மட்டும் சொல்லுங்கோ.