மாயவன் காய்ச்சிய சிவப்புத் தண்ணீர்

உங்கள் பாஸ்போர்ட்டை இன்னொருவன் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "பத்திரமாக இருக்கிறது" என்று சொன்னால் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? பாதுகாப்பு என்றா? கள்ளக்குறிச்சியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஆதிமூலம் அப்படித்தான் சொல்கிறார். கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறவர்களும் நம்மூரில்தான் இருக்கிறார்கள்.

மாயவனுக்கு வெள்ளிமலைக்கு அப்பால் மலைமேல் ஒரு சின்ன ஊர். சாமை விளைகிற கொல்லை உண்டு. அது அவனுக்கும் மனைவி சாலம்மாளுக்கும் வருஷம் முழுக்கப் போதாது. போர்வெல் வண்டியில் குழாய் இறக்கும் வேலைக்குப் போனான். அங்கிருந்து ஆதிமூலம் அவனை நைஜீரியாவின் வடக்கே, மணலும் முள்மரமுமான ஓர் ஊருக்கு அனுப்பிவைத்தார். அங்கேயும் போர்வெல் வேலைதான். விமானம் இறங்கியதும் மேனேஜர் பழனி, கூட வந்த எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அவர்களுடைய உலகம் ஓர் உயரமான மதிற்சுவருக்குள் அடங்கிவிட்டது. இரும்புக் கதவு, கதவில் காவல். வேலைக்கு வண்டியில் போகலாம், வண்டியில் திரும்பலாம்.

கதவருகே ஹவ்வா என்ற பெண் லாரிக்காரர்களுக்குச் சோறு விற்றாள். சோறு என்றால் நம்முடைய சோளக் களியேதான். அங்கே அதற்குத் துவோ என்று பெயர். வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்க நாம் படாத பாடு படுவோம். அவளோ அந்த வழவழப்புக்காகவே காயைத் துருவிக் குழம்பு வைப்பாள்.

ஒருநாள் கம்ப்ரசர் பழுதாகி வேலை நின்றது. ஆட்கள் மதிலுக்குள் வெயிலில் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனம் இளகிய ஹவ்வா, அகலமான பேசினில் சிவப்பு நிறத்தில் எதையோ கொண்டுவந்து வைத்தாள். குழுவில் மூத்தவர் திருநாவலூர் பிச்சைமுத்து. கம்ப்ரசர் நின்றது கண்ணேறு பட்டதால்தான் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர், துள்ளி எழுந்தார்.

"டேய், ஆலம் சுத்த வந்துகீதுடா அந்தம்மா! இந்த ஊர்லயும் இருக்குது பாரு. எழுந்து கெழக்கப் பாத்து நில்லுங்க."

"இன்னாண்ணே, ஐஸ் மெதக்குது?" என்றான் மாயவன்.

"நம்மூர்ல வெத்தல மெதக்கல? அது மாதிரிதான். வாய மூடிக்கினு நில்லு."

ஆரத்தி எடுப்பதுபோல் எல்லோரையும் மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் ஆளுக்கொரு பொட்டு வைத்து, பேசினை அப்படியே கதவுக்கு வெளியே மணலில் கவிழ்த்தார். ஹவ்வா தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினாள். அவளுடைய பாதி நாள் உழைப்பு மணலில் ஊறிப்போயிற்று. தாகத்தில் தவித்தவர்கள் தாகம் தீர்க்க வந்ததைத் தரையில் ஊற்றினார்கள். மூட நம்பிக்கையைப் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் இந்த ஒரு காட்சியைச் சொன்னால் போதும்.

மறுநாளும் ஹவ்வா வந்தாள். இம்முறை அவர்கள் எதிரிலேயே ஒரு கிண்ணம் குடித்துக் காட்டிவிட்டு, அடுத்ததை மாயவன் கையில் திணித்தாள். குடித்தான். புளிப்பு, இஞ்சிக் காரம், கடைசியில் இனிப்பு. அந்தப் புளிப்பு அவனுக்குத் தெரிந்தது. அவள் பையிலிருந்த காய்ந்த இதழ்களைக் கையில் கொட்டிப் பார்த்தான். புளிச்சக்கீரைச் செடியில் பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றி நிற்குமே, சிவப்புத் தோல், அதுதான். மலையில் கீரையைக் கடைந்துவிட்டு அதை ஆட்டுக்குப் போட்டுவிடுவார்கள்.

சைகையிலேயே கற்றுக்கொண்டான். இதழை அலசி, தட்டிய இஞ்சி, கிராம்பு, அன்னாசித் தோல் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். ஆறியதும் வடிகட்டிச் சர்க்கரை கலந்து, மண்பானையில் குளிரவைக்க வேண்டும். சோபோ என்பார்கள். ஒரு மாலை பழனி அதை ருசித்தார். மறுநாளே மாயவன் சமையல்கட்டுக்கு மாற்றப்பட்டான். சார் மனசு வைத்தால் சீக்கிரம் ஊருக்குப் போகலாம் என்று அவன் மகிழ்ந்தான்.

ஒப்பந்தம் முடிந்து மற்றவர்களுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கப்பட்டபோது மாயவனும் கை நீட்டினான்.

"சார், என்னுது?"

"எங்க போயிடும்? பத்திரமா இருக்குது. நீ போய்ட்டா எனக்கு யாருடா இத காச்சித் தருவா?"

"வேற ஆளுக்குக் கத்துக் குடுத்துட்டுப் போறேன் சார். வூட்ல அவ ஒருத்தியா கீறா."

"மலக்காரனுக்கு இன்னாடா அவசரம்? போயி கரடி மேய்க்கப் போறியா?"

மாயவன் ஒரு தந்திரம் செய்தான். மறுநாள் சர்க்கரையே போடாமல், இஞ்சியை அள்ளிப் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தான். வாயில் வைக்க முடியாத அதைத் துப்பிவிட்டுத் தன்னை விரட்டிவிடுவார் என்று காத்து நின்றான். பழனி முழுவதையும் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு சுகர் ஜாஸ்தின்னு எப்படிடா கண்டுபுடிச்ச? இனிமே இப்படியே போடு."

ஊர் திரும்பிய பிச்சைமுத்துவிடம் மாயவன் ஒரு பை காய்ந்த இதழைக் கொடுத்தனுப்பியிருந்தான். அவர் மலையேறிப் போய்ச் சாலம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பையைப் பிரித்து முகர்ந்தாள்.

"இத ஆட்டுக்குல்ல போடுவோம்? இதுக்கா என் புருசன அடைச்சி வெச்சிகிறாங்க?"

அவர் சொன்ன பக்குவத்தில் காய்ச்சி, ஒரு தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்து ஆதிமூலத்தின் மேஜையில் வைத்தாள்.

"குடிச்சிப் பாருங்க. எங்க கொல்லையில கொட்டிக் கெடக்குது. மூட்டையா காயவெச்சித் தரேன். ஆள மட்டும் வுட்டுடச் சொல்லுங்க."

ஆதிமூலம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். "மலையில மருந்து வெப்பீங்கன்னு தெரியும். எட்துக்கினு போம்மா. உன் வூட்டுக்காரனுக்கு வெயில் படாத வேல. பாஸ்போர்ட் பத்திரமா இருக்குது. இன்னா கம்மி உனக்கு?"

ஒரு மனிதனின் பாஸ்போர்ட்டை அடுத்தவர் பூட்டி வைப்பது குற்றம் என்ற பயம் அந்த ஆளுக்கு இல்லை. ஒரு தூக்குச் சாற்றில் வசிய மருந்து இருக்கும் என்ற பயம் இருக்கிறது! அன்று மணலில் கவிழ்த்த பிச்சைமுத்துவை மன்னிக்கலாம். அவர் தன் தாகத்தைத்தான் ஊற்றினார். இவர் ஒருவனின் வாழ்க்கையை ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

மாயவன் இன்னும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறான். மாலையானால் பானையைக் கழுவுகிறான், இஞ்சி தட்டுகிறான். நன்றாகக் காய்ச்சினாலும் விடுதலை இல்லை, கெடுத்தாலும் இல்லை. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது தங்களை ஆதிமூலம் ஒதுக்கிவிடுவார் என்று அஞ்சி, சாலம்மாளோடு மனு கொடுக்கப் போக ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. பிச்சைமுத்து மட்டும் வருகிறார்.

வரும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவள் மலை இறங்குகிறாள். கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள் அது. கையில் அதே தூக்கு இருக்கும். நீங்களும் வாருங்கள். அவள் ஊற்றித் தருவதை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, அவளுக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள்.