தட்டைப் பிடித்த கிளிப்பு

எங்கள் வீட்டில் எதுவும் தானாக விழாது, தானாகத் திறக்காது, காற்றில் பறந்தும் போகாது. அப்பா விடமாட்டார்.

சிரம்பானிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளியிருந்த தோட்டத்தில், டிராக்டர் பழுது பார்க்கும் பட்டறையில் அவருக்கு வேலை. மாலையில் வீடு திரும்பும்போது கால்சட்டைப் பையில் ஏதாவது இருக்கும்: ஒரு சுருள்கம்பி, சைக்கிள் பிரேக்கின் துண்டு, ரப்பர் குழாயை இறுக்கும் இரும்பு வளையம். இரண்டு நாளில் அது ஒரு கிளிப்பாகிவிடும்.

கொடிக்கயிற்றுக்கு ஒரு கிளிப்பு செய்தார். எவ்வளவு காற்றடித்தாலும் அது துணியை விடவில்லை. அம்மா இழுத்தபோதும் விடவில்லை. இரண்டு ரவிக்கைகள் கிழிந்த பிறகு அம்மா பழையபடி மரக்கிளிப்புக்கே போய்விட்டாள். கோழிக்கூண்டுக்கு, உடும்பால் திறக்க முடியாத கொக்கி ஒன்று செய்தார். எங்களாலும் திறக்க முடியாததால், அப்பா வேலை முடிந்து வரும்வரை முட்டைகள் உள்ளேயே கிடந்தன. தாத்தாவின் கைலி இடுப்பில் நிற்பதற்காகச் செய்த கிளிப்பு, கோயில் கூட்டத்தில் அவர் பேச எழுந்தபோது அவரைக் கடித்துவிட்டது. தாத்தா அன்று பேச்சை இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். தோட்டத்தில் பலர் அப்பாவைத் தேடி வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

"இந்த வீட்டுல வாயத் தவுர எல்லாத்துக்கும் கிளிப்பு இருக்குலா," என்பாள் அம்மா. அது எனக்கான குத்து. ஒன்பது வயதில் நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன்.

எந்தக் கிளிப்பிலும் குறை இருப்பதாக அப்பா ஒப்புக்கொண்டதில்லை. கிழிந்தது ரவிக்கையின் குற்றம். கடித்தது கைலியின் குற்றம். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பதினாறு வயதில் ரப்பர் தகடு பிழியும் உருளையில் அவளுடைய வலது கை மாட்டிக்கொண்டது. கை தப்பியது, விரல்கள் தப்பவில்லை. கட்டைவிரல் மட்டும் நன்றாக இயங்கும். மற்ற நான்கும் நீட்டிய நீட்டில் விறைத்துப்போயிருந்தன. அந்தக் கையோடுதான் அவள் ஆயாக் கொட்டகையில், செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒரே இடுப்பில் இரண்டு குழந்தைகளைத் தூக்குவாள். இடது கையால் கோலம் போடுவாள். அவளுக்கு ஏதோ குறை என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் வந்த இரண்டு இடங்களுக்கும் கையைப் பற்றி எங்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். இருவருமே அதன்பின் வரவில்லை. மூன்றாவதாக அம்பாங்கானிலிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்குத் தொழிற்சாலையில் நல்ல வேலை, நல்ல குடும்பம். இந்தத் தடவை சொல்லக் கூடாது என்று தாத்தா முடிவெடுத்தார். அவர் பழைய மண்டோர். இருபது ஆண்டுகள் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய குரல் அது, வீட்டிலும் அதே குரல்தான்.

"அப்பா, மொதல்லயே சொல்லிடலாமேப்பா," என்று தாத்தாவிடம் சொன்னாள் அத்தை. "பின்னாடி தெரிஞ்சா அவங்க வீட்டுல நான்தானே நிக்கணும்?"

"ரெண்டு தடவ சொல்லித்தான் ரெண்டும் போச்சு. ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு."

அத்தை சும்மா இருந்தாள். அப்பா தன் கையிலிருந்த சுருள்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவை முந்தானையில் கையை மறைத்துக்கொள்ளலாம், அது எளிது. ஆனால் பெண் பார்க்க வருபவர்களுக்குப் பெண்தான் தேநீர் கொண்டுவர வேண்டும். கோப்பைகளோடு கனக்கும் தட்டை, இடது கை ஒரு பக்கம் பிடித்தாலும், மறுபக்கம் மடங்காத விரல்களால் எப்படிப் பிடிப்பது? எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தனை ஆண்டுகளில் வீட்டில் யாரும் அப்பாவிடம் ஒரு கிளிப்பு வேண்டுமென்று கேட்டதே இல்லை. கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எதற்காகக் கேட்கிறார்கள் என்பது அந்த நிமிடம் அவருக்கு மறந்தே போயிருக்க வேண்டும்.

மூன்று கிளிப்புகள் செய்தார். முதலாவது தட்டின் விளிம்பை நசுக்கியது. இரண்டாவது, வளையல் இடித்ததும் வாயைத் திறந்துவிட்டது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. மணிக்கட்டைச் சுற்றிக் கட்ட, பழைய கைக்கடிகாரத்தின் தோல் வார். அதன் அடியில் தட்டின் விளிம்பைக் கவ்வும் இரண்டு இரும்புத் தாடைகள். வழுக்காமலிருக்க, தாடைகளுக்குள் மோட்டார் சைக்கிள் டியூப்பில் வெட்டிய ரப்பர். பக்கத்தில், கட்டைவிரலுக்கு எட்டும்படி உள்ளங்கைவரை நீண்ட ஒரு சின்ன நாக்கு. அந்த நாக்கைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கி, அமுக்கியபடியே முன்னால் இழுத்தால்தான் தாடை திறக்கும். அமுக்கினால் மட்டும் திறக்காது, இழுத்தால் மட்டும் திறக்காது. தட்டை மேசையில் வைத்த பிறகு அத்தையே யாருக்கும் தெரியாமல் கழற்றிக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்க்க நான்தான் அகப்பட்டேன். என் மணிக்கட்டில் கிளிப்பைக் கட்டி, தட்டில் ஒரு செங்கல்லை வைத்து, எலுமிச்சை மரத்தைச் சுற்றி ஓடச் சொன்னார். ஓடினேன். குதிக்கச் சொன்னார். குதித்தேன். செங்கல் விழுந்தது. தட்டு விழவில்லை.

கிளிப்பை மாட்டிவிடும் வேலையும் எனக்குத்தான் வந்தது. அம்மாவின் கையெல்லாம் கேசரி நெய்யாக இருக்கும். "வாரு மூணாவது ஓட்ட. அப்புறம் தட்ட உள்ள தள்ளு. 'டக்'குன்னு சத்தம் கேக்கணும். கேட்டாத்தான் மாட்டிருக்குன்னு அர்த்தம்," என்று அப்பா பத்துத் தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேர் வந்தார்கள்: பையன், அவனுடைய அம்மா, பெரியப்பா. அடுக்களையில் அத்தை நீலப் புடவையில் நின்றாள். நான் வாரை மூன்றாவது ஓட்டையில் போட்டேன். தட்டைத் தள்ளினேன். சரியாக அந்த நொடியில் வாசலில் யாரோ மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு போனார்கள். 'டக்' கேட்டதா, கேட்கவில்லையா? எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. சொல்லலாமென்று வாயைத் திறப்பதற்குள் அத்தை நடந்துவிட்டாள்.

கதவோரம் நின்று பார்த்தேன். தட்டு அசையவில்லை. அத்தை பெரியப்பாவிடம் குனிந்தாள், அவர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். பையனிடம் குனிந்தாள், அவன் தட்டைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துக்கொண்டே எடுத்தான். பிறகு அவனுடைய அம்மாவின் முன்னால் வந்தாள். அந்த அம்மா கோப்பையை உடனே எடுக்கவில்லை. அத்தையை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு.

"நாங்க நாலு எடத்துல விசாரிச்சோம்மா," என்றார். "ஒளிவு மறைவு இல்லாத குடும்பம்னு எல்லாருமே சொன்னாங்க. எங்களுக்கு அது போதும்."

"ஆமாம்மா, நமக்கு அதெல்லாம் பழக்கமே இல்ல," என்றார் தாத்தா.

தட்டு விழுந்தது.

மிச்சமிருந்த கோப்பைகள் உருண்டன. தேநீர் சிமெண்டுத் தரையில் ஓடி அந்த அம்மாவின் கால்விரலைத் தொட்டது. அவர் காலை இழுத்துக்கொண்டு எழுந்தார். அத்தை குனியவில்லை, பதறவில்லை. முந்தானை நழுவி அவளுடைய கை அப்படியே வெளியே தெரிந்தது. மணிக்கட்டில் கிளிப்பு தாடையைத் திறந்துகொண்டு தொங்கியது. அவள் கையை மறைக்கவும் இல்லை.

"மெஷின்ல அடிபட்டதும்மா," என்றாள். "நாலு வெரலும் மடங்காது. மத்தபடி எல்லா வேலையும் செய்வேன்."

வந்தவர்கள் மரியாதையானவர்கள். கேசரியைச் சாப்பிட்டார்கள், நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், சொல்லி அனுப்புவதாகக் கூறிவிட்டுப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை.

கார் தார்ச்சாலைக்குத் திரும்பும்வரை தாத்தா பொறுத்திருந்தார். பிறகு, "யாரு அத மாட்டிவிட்டது?" என்று கேட்டபடி கண்களை நேராக என்மேல் நிறுத்தினார். அத்தை ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அப்பா எழுந்து நடுவில் வந்து நின்றார்.

"யாரையும் கேக்காதீங்கப்பா. என் கிளிப்புதான் வழுக்கிடுச்சு. ஸ்பிரிங் பத்தல."

என் கிளிப்புதான் வழுக்கிடுச்சு! அப்பாவின் வாயிலிருந்து அப்படியொரு சொல்லை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தாத்தா அரை மணி நேரம் அவரைத் திட்டித் தீர்த்தார். இரும்புத் துண்டை நம்பிப் பெண்ணின் வாழ்க்கையைக் கொடுத்தேனே என்றார். அப்பா தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். அத்தை தேடிக்கொண்டு வந்து இடது கையால் என் முகத்தைத் துடைத்தாள். "நீ நல்லாத்தான் மாட்டுன பாப்பா," என்றாள். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் அவள் இரண்டு தட்டுக் கேசரி சாப்பிட்டாள். துக்கம் வந்தால் பெரியவர்களுக்குப் பசிக்கும் போலிருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

செய்தி மறுநாளே தோட்டம் முழுவதும் பரவிவிட்டது. அப்பாவிடம் கிளிப்பு வாங்கிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கோயில் தேரின் விளக்குக் கம்பங்களுக்கு அவர்தான் பிடிகள் செய்வதாக இருந்தது. அந்த வேலையைச் சிரம்பானில் ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். எந்த விருந்தில் யார் கையிலிருந்து எது விழுந்தாலும், "என்னலா, வழுக்கு கிளிப்பு போட்டிருக்கியா?" என்று சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். எனக்காக அல்லவா இந்த மனிதர் கெட்ட பெயரைச் சுமக்கிறார் என்று உருகிப்போவேன். அதற்கு ஈடாக நன்றாகப் படித்தேன், எதிர்த்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன், அவர் காலணியைக்கூடத் துடைத்து வைத்தேன். பெண் திடீரென்று திருந்திவிட்டாளே என்று அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை, எங்கள் தோட்டத்துக்கு வரும் பேருந்தின் ஓட்டுநர். வலது முழங்கையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு அவள் ஏறுவதை வாரா வாரம் பார்த்தவர். அவள் உட்காரும்வரை வண்டியை நகர்த்தாதவர். அவரிடம் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சென்ற மாதம் அப்பாவைச் சிரம்பானுக்குப் பக்கத்தில் பாரோயில் இருக்கும் என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். அவர் மூட்டையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்து பார்த்தால் எல்லாம் கிளிப்புகள். அடியில் அந்தத் தோல் வார். ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது, இரும்பு மட்டும் எண்ணெய் பூசியது போலவே இருந்தது. விளையாட்டாக மணிக்கட்டில் கட்டினேன். அடுக்களைத் தட்டு ஒன்றை அரைகுறையாக, சத்தம் வராமல் தள்ளிப் பார்த்தேன். ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் விழுந்துவிட்டது. மறுபடியும் தள்ளினேன். டக். இப்போது உலுக்கினேன், தட்டினேன், கையை வீசினேன். அது விடவில்லை.

நான் சரியாக மாட்டாமல் விட்டிருந்தால், தட்டு அடுக்களையிலேயே விழுந்திருக்கும். அத்தை கூடத்தைக் கடந்து இரண்டு பேருக்குக் குனிந்து தேநீர் கொடுத்திருக்கவே முடியாது.

கையில் தட்டு தொங்க அப்பாவிடம் போனேன். அவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இது தானா கழலாதே?"

"கழலாதுலா," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். குரலில் பழைய பெருமை.

"அப்ப அன்னைக்கு?"

அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். "அவதான் கழட்டுனா. நான் எதுத்தாப்புலதான ஒக்காந்திருந்தேன்? முந்தானைக்கு அடியில கட்டவெரல் நாக்குகிட்ட போறதப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா தாத்தாகிட்ட கிளிப்பு வழுக்கிடுச்சுன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது? அவ செஞ்சதுன்னு தெரிஞ்சா தாத்தா அவள நிம்மதியா வுட்டுருப்பாரா? கிளிப்பத் திட்டுனா கிளிப்புக்கு வலிக்கவா போவுது."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. "எனக்காகத்தான் அப்படிச் சொன்னீங்கன்னு இத்தன வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்பா. நான் சரியா மாட்டலன்னு."

அப்பா என்னைப் புரியாமல் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே எதுவும் விளங்கவில்லை. "நீயா?" என்றார். "நீ என்னாலா செஞ்ச?"

அவர் என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு மூணாவது ஓட்டதான போட்ட?"

"ஆமாம்பா."

"அப்புறம் என்ன? சரியாத்தான் மாட்டிருக்க."

சொல்லிவிட்டு மறுபடியும் ஒலியைக் கூட்டிக்கொண்டார். அன்று துணி துவைக்கும் கல்லிலிருந்து எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இதையேதான் சொல்லியிருப்பார். கேட்கலாம் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.