குந்தி உட்காரும் கால்

டைல்ஸ் மேஸ்திரி எங்கே போனாலும் தலை குனிந்துதான் நடப்பார். பணிவு என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்தவர் போட்ட தரையில் குறை கண்டுபிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வங்கியோ பேருந்து நிலையமோ, சந்தேகம் வந்தால் சட்டென்று குந்தி உட்கார்ந்து விரல் முட்டியால் கல்லைத் தட்டுவார். கெட்டியான ஓசை வந்தால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. ‘டொக்’ என்றால் உள்ளே வெற்றிடம்.

“ஊர்ல இருக்கற தரைக்கெல்லாம் நீங்கதான் வைத்தியரா? எழுந்து வாங்க” என்று மனைவி தோளைப் பிடித்து இழுப்பார்.

மேஸ்திரியின் கால் மக்கர் பண்ணியபோது கையில் இருந்ததோ வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற வேலை. ஒரு பெரிய வீட்டின் கூடத்தில், நடுவிலிருந்து விரிந்துகொண்டே போகும் வட்டம். ஒவ்வொரு கல்லையும் வளைவாக அறுத்து, இழைத்துப் பொருத்த வேண்டும். பாதி வட்டம் முடிந்திருந்த ஒரு காலையில் வலது கால் விரல்கள் மரத்துப்போயின. கூட வேலை செய்த மைத்துனன் குனிந்து பார்த்தான்.

“மாமா, உங்க விரலெல்லாம் வெள்ளை சிமெண்ட் மாதிரி இருக்கு.”

ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா படத்தைக் காட்டினார். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் கோழி முட்டை அளவுக்கு உப்பியிருந்தது.

“வெடிச்சிடுமாங்க?” என்றார் மனைவி.

“அதைவிட, உள்ளே ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கறதுதான் பெரிய பயம். மொத்தமா அடைச்சா காலையே எடுக்க வேண்டி வரலாம். தள்ளிப்போட முடியாது. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, தொடை இடுக்குல சின்னத் துளை போட்டு, அது வழியா ஒரு செயற்கைக் குழாயை அனுப்பி, உப்பின இடத்துல உள்பக்கமா விரிச்சு விடறது. சீக்கிரமே வீட்டுக்குப் போயிடலாம். இன்னொண்ணு, காலைத் திறந்து, தோலுக்கடியில ஓடற உங்க சொந்த ரத்தநாளம் ஒண்ணை எடுத்து மாற்றுப்பாதை போடறது. பெரிய காயம். ஆற வாரக்கணக்காகும்.”

“துளையே போட்டுடுங்கம்மா. அங்க வட்டம் பாதியில நிக்குது” என்றார் மேஸ்திரி, கடையில் பொருள் வாங்குகிற அவசரத்தில்.

“வேலையில முழங்காலை அதிகமா மடக்குவீங்களா?”

மடக்குவேன் என்றால் தொழிலையே விடச் சொல்லிவிடுவாரோ? மேஸ்திரி அவசரமாகக் கையை வீசி மறுத்தார். “அதெல்லாம் இல்லைம்மா. ஆளுங்க இருக்காங்க. எனக்கு மேற்பார்வைதான்.”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார். டாக்டரம்மா தலையசைத்துவிட்டு எழுதத் தொடங்கினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நர்ஸ் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மேசைக்குப் பக்கத்துக் கல்மேல் சக்கரம் ஏறியதும் ‘டொக்’ என்றது.

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். வண்டி திரும்பிப் போகும்போது மறுபடியும் ‘டொக்’. அவ்வளவுதான். அடுத்த நொடி அவர் தரையில் இருந்தார். குதிகால்மேல் உட்கார்ந்து, முழங்கால் இரண்டும் முழுசாக மடங்க, தட்டிக்கொண்டே அடுத்த கல்லுக்கு நகர்ந்தார்.

“ரெண்டு கல்லு மேடம். அடியில கலவையே இல்ல. எவன் போட்டான் இதை?”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியே இருங்க. இப்படித்தான் வேலை செய்வீங்களா?”

மனைவி முந்திக்கொண்டார். “காலையில உட்கார்ந்தார்னா சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். மேற்பார்வையாம், மேற்பார்வை.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுதியதை அடித்தார். “நல்லவேளை, பார்த்தேன். உள்ளே வைக்கிற குழாய்ல கம்பி வலை இருக்கு. நாள் முழுக்க இப்படி மடக்கி நிமிர்த்தினா அது நசுங்கலாம், உடையலாம், அடைச்சுக்கலாம். பெரிய ஆபரேஷன் தாங்காத உடம்புக்குத் துளை வழி ரொம்ப உதவும். உங்களுக்கு இதயம் பலமா இருக்கு, எடுக்க நல்ல ரத்தநாளமும் இருக்கு. திறந்து செஞ்சா அதிக நாள் தாங்க வாய்ப்பு இருக்கு. காயத்துல சீழ் பிடிக்கலாம், கால் வீங்கலாம், அதையும் சொல்லிடறேன். நான் சத்தியம் பண்ணித் தரமாட்டேன்.”

“தொழிலை விடணுமா?”

“விடாம இருக்கறதுக்குத்தான் இந்த வழியைச் சொல்றேன்.”

மேஸ்திரி இன்னும் இழுத்தார். “வாரக்கணக்காகும்னா, வட்டம்…”

“தரை போட்டு முடிச்சதும் வீட்டுக்காரங்களுக்கு நீங்க என்ன சொல்வீங்க?” என்றார் மனைவி. “நல்லா காயறதுக்கு முன்னாடி யாரும் கால் வெக்காதீங்கன்னு கத்துவீங்கல்ல? இப்ப நீங்க காயுங்க.”

மைத்துனன் போய் அந்த வட்டத்தைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினான். “நானே முடிச்சிடட்டுமா மாமா?” என்று கேட்டான்.

“நீ முடிச்சா வட்டம் முட்டையாயிடும். சும்மா இரு.” நல்ல மனசு, அந்தப் பெரிய வீட்டுக்காரர் காத்திருக்கச் சம்மதித்தார்.

ஆபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை தையல். முதல் வாரம் கட்டிலை விட்டு இறங்கவே மனைவியின் தோள் வேண்டியிருந்தது. கால் வீங்கியது, வடிந்தது, மறுபடி வீங்கியது. எரிச்சலில் கட்டிலில் கிடந்தபடியே சுவரைத் தட்டிப் பார்த்துக் குறை சொன்னார். மனைவிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

காயம் முழுதும் ஆறிய பிறகு, ஆஸ்பத்திரியில் அதே அறையில் டாக்டரம்மா சொன்னார்: “இப்ப உட்காருங்க. நாற்காலியில இல்ல.”

மேஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். முழங்கால் பாதி மடங்கியது. இன்னும் மடங்கியது. குதிகால்மேல் உட்கார்ந்ததும் டாக்டரம்மாவும் எதிரே குந்தி, அவர் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடினார்.

“துடிக்குது. நல்லா துடிக்குது” என்று சொன்னவர் மனைவியின் கையை இழுத்து அங்கே வைத்தார். பாதம் கதகதவென்று இருந்தது. விரலுக்கடியில் சின்னதாக, விடாமல் ஒரு தட்டல். மனைவி வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு.

மேஸ்திரியின் பார்வை அதற்குள் பக்கத்துக் கல்லுக்குப் போய்விட்டிருந்தது. விரலை மடக்கித் தட்டினார். டொக்.

“இதை இன்னும் மாத்தலையா மேடம்? வட்டம் முடிஞ்சதும் வந்து நானே போட்டுத் தரேன்.”