கையெழுத்தாகாத இளவரசி

இசக்கிசெல்விக்கு இரண்டு உத்தியோகங்கள் இருந்தன. ஒன்று, ஒரகடத்தில் கார்களுக்கான மின்கம்பித் தொகுப்புகளைச் செய்யும் தொழிற்சாலையில் மூன்றாம் லைனின் இயந்திரத்தை இயக்குவது. மற்றொன்று, நிலவிலிருந்து இறங்கிவந்த நானூறு வயது இளவரசியாக இருப்பது. முதல் உத்தியோகத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்த அவள் தாயாருக்குப் பெருமை உண்டு. இரண்டாவதைப் பற்றி, "கேக்கவங்ககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்? எம்மவ முயல் காது வச்சுக்கிட்டுப் பேசுதான்னு சொல்லட்டா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அதன்பின் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இளவரசி, இணைய நேரலையில் பேசும் ஓர் அசையும் சித்திரம்; பெயர் தேன்மதி. ஊதா நிறக் கூந்தல், தலைமேல் இரண்டு வெள்ளை முயல் காதுகள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள். இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்கு எடுத்த மாடி அறையில், கைப்பேசியை அரிசி டப்பாவின்மேல் சாய்த்துவைத்து இசக்கிசெல்வி பேசுவாள். பார்ப்பவர்களின் திரையில் தேன்மதி வாய் திறப்பாள், கண் சிமிட்டுவாள், தலை சாய்ப்பாள். இசக்கிசெல்வியின் முகத்தை அவர்களுள் எவரும் பார்த்ததில்லை. 'முகம் தேவையில்லை, குரல் போதும்' என்று சென்னை நிறுவனம் ஒன்று விளம்பரம் செய்திருந்தது. ஐந்தாறு நேர்காணல்களுக்குப் புகைப்படம் அனுப்பி அலுத்திருந்த அவளுக்கு, அந்த வாக்கியத்தின் முன்பாதியே போதுமானதாக இருந்தது.

நிறுவனம் இளவரசிக்கென்று விதிகள் வகுத்திருந்தது. தேன்மதி தேனும் பனித்துளியும் மட்டுமே உண்பாள். பூவுலகத்தின் வேலைகள் எவற்றையும் அறியமாட்டாள். நாள்தோறும் மாலை ஆறு மணிக்குத் தோன்றுவாள். இவ்விதிகளை இசக்கிசெல்வி பதினொரு நாள்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். பன்னிரண்டாம் நாள் யாரோ ஒருவர், "இளவரசி, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"ஆச்சு. கேன்டீன் உப்புமா. கரண்டிய நட்டுவச்சா அப்படியே நிக்கி."

அன்றுமுதல் கூட்டம் பெருகியது. ஒரகடம், மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர் விடுதிகளில் தங்கியிருந்தவர்களெல்லாம் அந்த உப்புமாவை அறிந்தவர்கள். வாரந்தோறும் ஷிஃப்ட் மாறும்போது இளவரசி தோன்றும் நேரமும் மாறியது. பார்ப்பவர்களுக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. அவர்களுக்கும் ஷிஃப்ட் மாறிற்று. ஞாயிறு நண்பகல் பன்னிரண்டு மணி மட்டும் மாறாத நேரம்.

சிரமப்பட்டவன் நிறுவனத்தின் மேலாளன் சுபாஷ் ஒருவன்தான். நல்ல பிள்ளை. கோபம் வந்தால் 'ப்ளீஸ்' என்ற சொல்லைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வான், அவ்வளவுதான்.

"செல்வி, ப்ளீஸ், இளவரசிக்கு பஸ் பாஸ் எதுக்கு?"

"பின்ன, நிலாவுக்கு நடந்தா போவா சார்?"

இப்படியே ஒன்றரை ஆண்டு ஓடியது. பிறகு கடிதம் வந்தது. இளவரசியின் மாண்புக்குக் குந்தகம் விளைவித்தமை ஒரு குற்றம். நேரம் தவறியமை மற்றொரு குற்றம். கூந்தல், காதுகள், பெயர் யாவும் நிறுவனத்தின் உடைமை. வரும் ஞாயிறு பதினொரு மணியோடு இசக்கிசெல்வியின் பொறுப்பு முடிகிறது. கடவுச்சொல்லை ஒப்படைத்துவிட வேண்டும். திங்கள்முதல் வேறொரு பெண் தேன்மதியாகப் பேசுவாள். பார்ப்பவர்களிடம் விடைபெறக் கூடாது. ஆள் மாறியதே அவர்களுக்குத் தெரியக் கூடாது.

இசக்கிசெல்வி அதை மூன்று முறை படித்தாள். ஒரு வாளித் துணியைத் துவைத்தாள். மறுபடியும் படித்தாள். முயல் காதுகள் அவர்களுடையனவாகவே இருக்கட்டும். ஆனால், ஒன்றரை ஆண்டாகத் தன்னிடம் வந்து சாய்ந்த அறுநூறு பேரைத் தெரியாத ஒருத்தியிடம் ஒரு கடவுச்சொல்லோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போக வேண்டுமாம்.

அவளுடைய லைனில் எவரும் இயந்திரத்தை அப்படி விட்டுவிட்டுப் போக இயலாது. அங்கே ஒரு நோட்டு உண்டு. இயந்திரத்தின் நிலை, கவனிக்க வேண்டியவை, முடியாத வேலை ஆகியவற்றைப் போகிறவர் எழுத வேண்டும். வருகிறவர் படித்து, கேள்வி கேட்டு, கையெழுத்திட வேண்டும். கையெழுத்தாகும்வரை இயந்திரம் பழைய ஆளின் பொறுப்பு. கோபம் எவ்வளவு இருந்தாலும் கைக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். புதிய நோட்டு ஒன்றை வாங்கி நான்கு நாள்கள் உட்கார்ந்து எழுதினாள்.

ஞாயிறு பதினொரு மணிக்குச் சுபாஷ் வந்தான். அவன் பின்னாலேயே ஸ்கூட்டரில் ரஞ்சனி வந்து இறங்கினாள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஊரில் பயிர்செய்த குடும்பத்துப் பெண். இப்போது ஒரு கைப்பேசித் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். முப்பது குரல்களைக் கேட்டுச் சலித்த நிறுவனம், தேன்மதியின் குரலுக்கு மிக அருகில் இருக்கிறதென்று அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவள் எங்கே வேலை செய்கிறாள் என்பதை மட்டும் அது யோசிக்கவில்லை.

"பாஸ்வேர்ட் மட்டும் போட்டுடுங்க செல்வி. அஞ்சு நிமிஷம், நாங்க கிளம்பிடறோம்."

"போடுதேன் சார். மொதல்ல ஹேண்ட்ஓவர் பாக்கணும்லா?" என்று நோட்டை ரஞ்சனியிடம் நீட்டினாள் இசக்கிசெல்வி.

சுபாஷ் சிரித்தான். ரஞ்சனி சிரிக்கவில்லை. தரையில் அமர்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

'இடது காது: வேகமாகச் சிரித்தால் மடிந்து சிக்கிக்கொள்ளும். தலையை வலப்பக்கம் சாய்த்து மூன்று எண்ணவும்.'

'முப்பிடாதி: விடுதிக்குப் புதிது. அழுதாயா என்று கேட்கக் கூடாது. இன்று என்ன குழம்பு என்று கேட்டால் மீதியைத் தானே சொல்லிவிடுவாள்.'

'வேல்ராஜ்: தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் ஓ.டி. பார்த்ததாகப் பீற்றுவார். பாராட்டக் கூடாது. தூங்கச் சொல்லவும்.'

கடைசிப் பக்கத்தில் ரஞ்சனியின் விரல் நின்றது.

"இன்னாக்கா, இந்த மாரிமுத்து மேட்டரு முடியாத வேலைல கீது?"

"ரெண்டு எடத்துல பொண்ணு பாத்து, ரெண்டு எடத்துலயும் வேண்டாம்னுட்டாக. இன்னைக்கு மூணாவது எடம். பன்னெண்டு மணிக்கு லைவுக்கு வாங்க, பேசிட்டுக் கெளம்பலாம்னு சொல்லியிருந்தேன்."

ரஞ்சனி நோட்டை மூடினாள். "அப்ப நான் சைன் பண்ண மாட்டேன்க்கா. பாதி வேலைய வாங்கிக்கினா, நாளைக்கு அது என் தலைலதான் வுடியும்."

"சைனா? காண்ட்ராக்ட்ல அதெல்லாம் இல்லையே" என்றான் சுபாஷ்.

இருவரும் அவனைத் திரும்பிப் பார்த்தனர். செருப்புக் காலோடு லைனுக்குள் நுழைந்துவிட்டவனைப் பார்க்கும் பார்வை அது.

"இவ சைன் போடாட்டா மெஷின் எங்கிட்டதான சார் இருக்கு?" என்று இசக்கிசெல்வி பொறுமையாக விளக்கினாள்.

"சரி, அப்ப இன்னிக்கு நீங்களே பேசுங்க."

"பதினோரு மணியோட நான் முடிஞ்சு போனேன்னு நீங்கதான எழுதியிருக்கீக?"

ரஞ்சனி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கையெழுத்திடாத இயந்திரத்தை அவள் தொடமாட்டாள். மணி பன்னிரண்டை நெருங்கியது; ஞாயிறு நேரலைக்குக் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. சுபாஷ் தலைமையகத்தை அழைத்தான்; 'நீயே சமாளி' என்று பதில் வந்தது. இசக்கிசெல்வி மறுக்காமல் கடவுச்சொல்லைப் போட்டுக் கொடுத்தாள். அவன் அரிசி டப்பாவின் முன் அமர்ந்தான். திரையில் தேன்மதி கண் சிமிட்டி, முப்பது வயது ஆணின் குரலில் பேசலானாள்.

"வணக்கம். இன்னிக்கு ஒரு சின்ன டெக்னிக்கல் இஷ்யூ..."

திரையின் ஓரத்தில் எழுத்துகள் குவிந்தன. 'இளவரசிக்குத் தொண்டை கட்டிருச்சா?' 'வெந்நீர் குடி தாயி.' 'நானூறு வயசுல இப்பதான் குரல் உடையுது போல.' அவன் இணைப்பைத் துண்டிக்கப் போன நேரத்தில் ஒரு வரி வந்தது.

'இளவரசி, மாரிமுத்து. கிளம்பிட்டேன். நீலச் சட்டை. சரியா?'

சுபாஷின் விரல் அந்தரத்தில் நின்றது. இசக்கிசெல்வி சன்னல்பக்கம் திரும்பிக்கொண்டாள். ரஞ்சனிதான் நோட்டைப் பிரித்து அவன் முன் வைத்தாள்.

"நீலம்... நீலம் வேண்டாங்க" என்று இளவரசி தடுமாறிப் படித்தாள். "ரெண்டு தடவையும் அதுதான் போட்டீங்க. அப்புறம், மெஷினைப் பத்திப் பேசாதீங்க. போன தடவை இருபது நிமிஷம் பேசினீங்களாம்."

'வெள்ளை இருக்கு. இஸ்திரி போடல.'

இதற்கு நோட்டில் விடை இல்லை. சுபாஷ் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "போட்டுட்டு வாங்க. நான் இருக்கேன்."

பத்து நிமிடங்கள் இருந்தான். வேல்ராஜ் ஓ.டி.யைப் பற்றிச் சொன்னபோது தூங்கச் சொன்னான். முப்பிடாதியிடம் குழம்பைப் பற்றிக் கேட்டு, வந்த பதிலுக்கு வாய்விட்டுச் சிரித்தும்விட்டான். இடது காது மடிந்து சிக்கிக்கொண்டது.

"காது" என்று கிசுகிசுத்தான்.

"மொதப் பக்கம் சார்" என்றாள் இசக்கிசெல்வி, திரும்பாமலே.

அவன் தலையைச் சாய்த்து மூன்று எண்ணினான். காது நிமிர்ந்தது. மாரிமுத்து வெள்ளைச் சட்டையோடு புறப்பட்ட செய்தி வந்ததும், இணைப்பைத் துண்டித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"எங்க சார் எந்திரிக்கீக? ஓட்டுனவுக நோட்டுல எழுதணும்லா?"

"அதான, எழுதிட்டுப் போ சார்" என்றாள் ரஞ்சனி.

அவன் நோட்டைப் பார்த்தான். பிறகு வெளியே போய்த் தலைமையகத்துடன் பேசினான். "இல்ல சார், பாஸ்வேர்ட் கெடைச்சிடுச்சு. ஆனா ஆளைக் கைமாத்த முடியல... இல்ல சார், ப்ளீஸ், நான் உக்காந்து பாத்துட்டேன்." இம்முறை அந்தச் சொல்லை அவன் ஐந்து தடவையேனும் சொல்லியிருப்பான். திரும்பி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. இசக்கிசெல்வியே தொடரலாம், அவளுக்கு இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் ரஞ்சனி பார்த்துக்கொள்ளலாம்.

"அப்ப ஆளு மாறுதத அவுககிட்டச் சொல்லணும் சார்."

"சொல்லிக்கோங்க. தேனை மட்டும் விட்டுடாதீங்க, ப்ளீஸ்."

"தாராளமா. உப்புமாவுக்குத் தொட்டுக்கிடுதேன்."

சுபாஷ் பேனாவை வாங்கிக்கொண்டு தரையில் அமர்ந்தான். வெகுநேரம் யோசித்துக் குண்டு குண்டாக எழுதினான்: 'மாரிமுத்து: வெள்ளைச் சட்டை. முடிவு தெரியவில்லை. தெரிந்ததும் எனக்கும் சொல்லவும்.'

இசக்கிசெல்வி அதை நிதானமாகப் படித்தாள்.

"இஸ்திரி போட்டாரா?"

"போட்டார்."

அதன்பிறகே அவள் கையெழுத்திட்டாள்.